ஒற்றைத் தாள்

மருத்துவர் சிரிக்காமல்தான் சொன்னார்:
"விஸ்மா, உங்கள் முதுகு
நாற்காலியின் வடிவத்துக்கு வந்துவிட்டது."
பிறகு ஒரு துண்டுச்சீட்டு.
நாளைக்கு முப்பது நிமிடம்.

எங்கிருந்து எடுப்பேன் முப்பது?
ரீகாவில் இது பிப்ரவரி.
நடைபாதையில் உருகிய பனி மறுபடி உறைந்து
கண்ணாடி பூசிக்கிடக்கிறது.
சம்பளப் பிரிவு ஸைகா
போன வாரம்தான் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.
உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஓராண்டுச் சந்தா கட்டி
இரண்டே முறை போனேன்,
இரண்டாம் முறை
மறந்துவைத்த துவாலையை எடுத்துவர.

நான் பார்ப்பது காப்பீட்டுக் கோரிக்கைகள்.
டிராம் உரசிய வேன்,
சூறைக்காற்றில் கூரைமேல் சாய்ந்த பிர்ச் மரம்,
ஆற்றுப் பனிக்கட்டி இடித்த படகுத்துறை.
ஊரில் எல்லாம் நகர்ந்து நகர்ந்து
ஒன்றையொன்று முட்டிக்கொள்கிறது.
நான் மட்டும் எட்டு மணி நேரம் அசையாமல்
அதற்கு விலை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் மேசைகள் இரண்டாம் மாடியில்.
அச்சுப்பொறி ஐந்தாம் மாடியில்,
யார் வைத்தார்கள், ஏன், யாருக்கும் தெரியாது.
முன்பெல்லாம் வாரத்துக்குச் சேர்த்துவைத்து
லிஃப்டில் போய்க் கட்டாக அள்ளி வருவேன்.
அந்தத் திங்கட்கிழமை
ஒரு தாள் அனுப்பினேன்.
ஒரே ஒரு தாள்.
அறுபத்தாறு படி ஏறி
அதை எடுத்துவந்தேன்.
இருபது நிமிடம் கழித்து
இரண்டாம் பக்கம்.

முதல் வாரம் முட்டி
பழைய கதவுபோல் முனகியது.
மூன்றாம் மாடியில் பல் செய்யும் கூடம்,
திறந்த கதவு வழியே
சாந்துப் பற்கள் என்னைப் பார்த்து இளித்தன.
நான்காம் மாடியில் படங்களுக்குக் குரல் கொடுக்கிறார்கள்.
கைப்பிடியில் சாய்ந்து மூச்சு வாங்கும்போதெல்லாம்
உள்ளே ஒருவர்
ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்:
"நீ இன்னும் போகவில்லையா?"

போகிறேன், போகிறேன் என்பேன்.

பெரிய தேநீர்க் கோப்பையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு
மூன்று மடக்கு கொள்ளும் கிண்ணம் ஒன்று வாங்கினேன்.
தாகம் என்னை எழுப்பட்டும்.
தொலைபேசி வந்தால் நிற்பது.
வாடிக்கையாளர் கத்தினால்
ஜன்னல்வரை நடப்பது.
பெரிதாக ஒன்றும் மாறவில்லை, எடையும் அப்படியே.
ஆனால் ஒருநாள்
அந்தப் பிர்ச் மரத்தையே யோசித்துக்கொண்டு ஏறியவள்
ஐந்தாம் மாடியில் நிற்பதை
அச்சுப்பொறியைப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன்.
நான்காவது எப்போது கடந்தது?

கணினிப் பிரிவு உல்டிஸ் நல்ல மனிதர்.
என் ஓட்டத்தைப் பார்த்துப் பொறுக்காமல்
மேலிடத்தில் மன்றாடி
புது அச்சுப்பொறி ஒன்றை வாங்கி
என் முழங்கை தொடும் தூரத்தில் வைத்துவிட்டார்.
மேலே நீல ரிப்பன் வேறு.
எல்லாரும் கைதட்டினார்கள்.
நானும்தான்.

மூன்று நாள்
சூடான தாள்கள் மடியிலேயே வந்து விழுந்தன.
முதுகு மெல்ல மெல்ல
நாற்காலியிடம் திரும்பிப் போவது தெரிந்தது.
நான்காம் நாள் யாருமில்லாத நேரத்தில்
அமைப்புக்குள் நுழைந்து
ஐந்தாம் மாடியைத் தேர்ந்தெடுத்தேன்.

"இது வேலை செய்யவில்லையா?" என்றார் உல்டிஸ்.
"செய்கிறது.
அங்கே கறுப்பு
கொஞ்சம் கூடுதல் கறுப்பாக விழுகிறது."
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை,
மேசைக்கடியில்
ரப்பர் அடிப்பாகம் தேய்ந்த என் காலணியைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மறுநாள் நான் ஏறுகையில்
நான்காம் மாடித் திருப்பத்தில்
கைப்பிடியைப் பற்றியபடி ஓர் ஆள்.
முகம் பீட்ரூட் நிறம்.
கையில் ஒற்றைத் தாள்.
"சோதனைப் பக்கம்" என்றார் உல்டிஸ்,
நான் கேட்காமலேயே.

உள்ளிருந்து குரல்:
"நீ இன்னும் போகவில்லையா?"

அவருக்கு மூச்சு அடங்க வேண்டும்,
அதை யாரும் பார்க்கவும் கூடாது.
காலணிக் கயிறு அவிழ்ந்ததுபோல்
நான் குனிந்துகொண்டேன்.
முடிச்சு இறுக்கமாகத்தான் இருந்தது.
விரல் தரையைத் தொட்டது.