தொண்ணூற்று மூன்று

வெஸ்ட்வில் குன்றில், நூலகத்தின் நிலவறையில்,
ஜெராக்ஸ் எந்திரத்தின் வெக்கையில்
எனக்கு இருபத்தாறு வருஷம் போயிற்று.
லோகாம்பாள் படையாச்சி வருவதை
சிகரெட் வாசனை முன்னால் வந்து சொல்லும்.
"ஓரம் வெட்டுப்படக் கூடாது, முருகாஸ்."
அதுதான் அவர் வணக்கம்.

கொண்டுவருவது கப்பல் பதிவேடுகள்.
எண், பெயர், வயது, ஊர்,
கடைசிக் கட்டத்தில் உடம்பின் தழும்பு.
ஓரமெங்கும் பென்சிலில் அவர் தமிழ்,
கிளேர்வுட் பள்ளியோடு நின்றுபோன
கொம்பும் காலும் இடம் மாறிய தமிழ்.
ஸ்பெஷல் பிராஞ்ச்காரனுக்கு அது கோழிக்கிறுக்கல்.

நூறில் வைத்தால் எந்திரம்
அரை அங்குலத்தைத் தின்றுவிடும்.
தொண்ணூற்று மூன்றுக்கு இறக்கினால்
எல்லாம் அடங்கும், கொஞ்சம் சிறுத்து.
"நம்மைப் போல" என்றார் ஒருதரம்.
சிரித்தாரா, கவனிக்கவில்லை.

எண்பத்தாறில் புத்தகம் வந்தது.
விளிம்பில் வாழ்ந்தவர்களைப் பற்றி
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
இங்கிலீஷ் எனக்கு மெதுவாகத்தான் ஏறும்.
நன்றிப் பக்கத்தை மட்டும் நாலு தடவை படித்தேன்.
லண்டனில் மூன்று பேராசிரியர்கள், ஒரு பூனை.

பூனை.

அடுத்த இரண்டு நாள்
எந்திரத்தை நூறிலேயே விட்டேன்.

ஐந்தாம் நாள் போலீஸ் வந்து
மூலத் தாள்களைப் பெட்டி பெட்டியாய் ஏற்றிப்போனது.
திரும்பி வரவேயில்லை.
மிஞ்சியவை என் பிரதிகள்.
வாங்கிப் புரட்டினார். என்னைப் பார்த்தார்.
ஒரு வார்த்தை இல்லை.
இரண்டாம் பதிப்பிலும் பூனை இருந்தது.

போன ஜூலைக் குளிரில் கிளேர் எஸ்டேட்டில் எரித்தோம்.
மதில்மேல் குரங்குகள்
தேங்காய் மூடியையே பார்த்திருந்தன.
இப்போது அவர் பெயரில் ஓர் அறை,
ஏசி, வெள்ளைக் கையுறை.
டொராண்டோவிலிருந்து வந்த பெண் ஒருத்தி
அந்த நாற்பது தாளைத் தனியே பிரித்து
அவற்றின் வெறுமையை வைத்தே
முனைவர் பட்டம் வாங்கிவிட்டாள்.
அது மறுப்பாம். ஆட்சியின் ஏட்டோடு
பேச மாட்டேன் என்ற மௌனமாம்.
கூட்டம் கைதட்டியது.
நானும் தட்டினேன்.

சொல்லியிருக்கலாம்.
எழுந்தேன்கூட. முழங்கால் வலி, உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே ஒரு தாள் ஞாபகமிருக்கிறது,
கண்ணாடியில் கவிழ்க்கும்போது கண்ணில் பட்டது:
பச்சையம்மா, வயது பத்தொன்பது, வட ஆற்காடு.
தழும்பு: இல்லை.
அதற்கு நேரே, நான் தின்னக் கொடுத்த ஓரத்தில்,
பென்சில் முனை ஒடியுமளவு அழுத்தி,

யார் பார்த்தது?