பாகம்

படியூருக்கு மேற்கே, சோளக்காட்டு நடுவில்
செங்கல் சாளை. பூச்சே இல்லை.
சுவர் ஒன்றே முக்கால் அடி.
கட்டிய கொத்தன் ராணி காசு பார்த்தவன்,
சீமை பார்க்காதவன்;
சன்னலுக்கெல்லாம் ஊசிமுனை வளைவு.
முகப்பில் சுதையில் 1893.

நான் சர்வேயர்.
சுண்ணாம்பு தடவிய நூலை நடுவில் பிடித்துச் சுண்டினேன்.
சென்னியப்பனுக்குப் பதினெட்டு விழுந்தது,
வள்ளியாத்தாளுக்குத் தொண்ணூற்று மூன்று.
மாடிப்படி தம்பிக்கு.
மாடி அக்காவுக்கு.

வாசல் வளைவில்தான் நூல் நின்றது.
உச்சியில் ஒரே கல், ஆப்பு மாதிரி.
"இது யாருக்குங்க?" என்றாள்.
எடுத்தால் ரெண்டு பங்கும் இறங்கிவிடும் என்றேன்.

சென்னியப்பன் அண்ணாந்து பார்த்தான், வெகுநேரம்.
"அதுக்கு வரி யாருங்க கட்டறது?"

வரைபடத்தில் அந்த இடத்தில்
பென்சிலை வைத்து எடுத்தேன்.
ஒரு புள்ளி.
அளவு எழுதவில்லை.