கதவு திறப்பவள்

காலை ஐந்து நாற்பதுக்கு
அரங்கின் விளக்குகள் ஒவ்வொன்றாய் முனகி எரியும்.
பிற்பகல் ஆண்கள் அணிக்கு.
மாலை, பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளைகளுக்கு.
எங்களுக்கு வாய்த்தது
இன்னும் யாரும் கீறாத பனி.
குறையென்று சொல்லமாட்டேன்.

வெளியே சஸ்கட்சுவான்.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்துநான்கு.
நிறுத்திய கார்களின் மூக்கிலிருந்து மின்கயிறு நீண்டு
சுவரில் பால் குடித்துக்கொண்டிருக்கும்.

நான் இரண்டாவது கோலி.
முதலாவது ஹன்யா ஒலெக்சுக்.
ஒப்புக்குச் சேர்த்தவள் என்று
எவளும் என்னைச் சொன்னதில்லை.
சொல்லாமலிருக்க அவர்கள் படும் பாடு
எனக்குத் தெரியும்.

என் வேலை கதவு.

பெஞ்சின் இடக்கோடியில், இடுப்புயரம்.
தாழ்ப்பாள் முரண்டு பிடிக்கும்;
முதலில் மேலே தூக்கவேண்டும்,
பிறகு முட்டியால் ஓர் இடி.
நாற்பத்தைந்து நொடிக்கொரு தரம்
மூச்சைப் பல்லில் கவ்வியபடி வருவார்கள்.
அரை நொடி பிந்தினால் எதிரணிக்கு ஒரு கோல்.
அரை நொடி முந்தினால்
சுவரோரம் பாய்ந்து வருபவளின் விலா.
நான்கு வருடத்தில் ஒரு விலாவும் உடையவில்லை.
ஆட்டக் குறிப்பேட்டில்
இதை எழுத ஒரு கட்டம் இல்லை.

திரும்பிப் பார்க்காமலே சொல்வேன்:
இது தியோடோரா, வலது ஸ்கேட்டை இழுக்கும் சத்தம்.
இது மாரிட், நடுவரின் வம்சத்தையே திட்டிக்கொண்டு.
இது புதுப்பெண் வில்லோ,
நின்றபின்னும் சறுக்கிக்கொண்டிருப்பவள்.

என் சட்டையில் எண் முப்பத்தைந்து.
எனக்கு முன் இதை உடுத்தவளுக்கு நீண்ட பெயர்.
பிரித்தெடுத்த எழுத்துகளின் ஊசித்துளைகள்
என் பெயருக்கு இருபுறமும் மிச்சம்.
விளக்குக்கு நேரே பிடித்தால்
அவளை வாசிக்கலாம்.

ஒருமுறை, இரண்டாம் வருடப் பிப்ரவரியில்,
ஒரு பக் ஹன்யாவின் முகக்கூண்டில் அறைந்து
அவளுக்கு எல்லாம் இரண்டிரண்டாய்த் தெரிந்தது.
பதினோரு நிமிடம் எனக்குக் கிடைத்தது.
ஆறு தடுத்தேன்.
ஏழாவது
கால்களுக்கு நடுவே
திருடனைப் போலல்ல,
வீட்டுக்காரனைப் போல நுழைந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஒன்பது மணி நேர இருட்டு.
பயிற்சியாளர் மர்லிஸ் டெர்க்சன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்,
சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை நீட்டினார்.
"மண்ணியல் தேர்வு என்றைக்கு?"
"வியாழக்கிழமை."
தோலைத் துப்பக் காகிதக் கோப்பையையும் தந்தார்.
அதற்குமேல் ஒன்றும் இல்லை.
அந்த விதைகளின் உப்பு
உதட்டு வெடிப்பில் இரண்டு நாள் எரிந்தது.

இன்று கடைசி ஆட்டம்.
மூன்று கோல் முன்னிலை வந்தால்
கடைசி ஐந்து நிமிடம் உனக்கு என்றிருந்தார்.
வரவில்லை.
ஒன்று பின்தங்கியிருந்தோம்.
ஒரு நிமிடம் பத்து நொடி மிச்சமிருக்க
மர்லிஸின் கை உயர்ந்தது.
ஹன்யா வலையை விட்டுவிட்டு
அத்தனை கவசத்தோடும்
உருண்டு வரும் அலமாரிபோல என்னை நோக்கி வந்தாள்.
திறந்தேன்.
அவளுக்குப் பதிலாக வில்லோ
மதிலைத் தாண்டிக் குதித்தாள்.

முதல் தடவையாக
இருவரும் பக்கம்பக்கமாய் உட்கார்ந்து
ஆளில்லாத வலையைப் பார்த்தோம்.
எவ்வளவு பெரிசு அது!
"இதையா நான் மறைத்துக்கொண்டிருந்தேன்?" என்றாள்.
அவள் கழுத்திலிருந்து ஆவி எழுந்தது.
என் கழுத்து உலர்ந்திருந்தது.

பக் எங்களைக் கடந்து போனது,
அவசரமே இல்லாமல்.
நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில்
இடது காலை நீட்டினோம், பெஞ்சுக்கடியில்.

மணி அடித்தது.
கைகுலுக்க எல்லோரும் இறங்கவேண்டும்.
கதவுப்பக்கம் இருந்தவள் ஹன்யா.
தள்ளினாள். இழுத்தாள்.
தோளால் மோதினாள்.
பின்னால் இருபது பேர் காத்திருந்தார்கள்.

"மேலே தூக்கு" என்றேன்.
"தூக்கிட்டு, அப்புறம் முட்டியால."