ரசீதில் ஒரு விரல்தடம்

ஆமணக்குக் கொட்டையை நகத்தால் கீறிப் பார்த்தே
ஈரம் இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு
என்று சொல்லிவிடுவேன்.
டீசா யார்டில் பதினெட்டு வருடமாகத் தராசு எனக்கு.
மூட்டை எழுபத்தைந்து கிலோ,
விலை மட்டும் இருபது கிலோவுக்கு.
வெளியூர் லாரிக்காரர்கள் இந்தக் கணக்கில் விழுந்து எழுவார்கள்.
குளிர்கால அறுப்பு வந்துவிட்டால்
கண்ணில் இதே எண்ணெயை விட்டுக்கொண்டவர்கள்போல்
விலைப்பலகையைப் பார்த்து நிற்பார்கள் தரகர்கள்.
இரண்டு ரூபாய் ஏறினால் எல்லோருக்கும் டீ.
இறங்கினால் பீடி.

அந்த எண்ணெய்
என் வீட்டில் ஒரு சொட்டுகூட இல்லை
என்பது எனக்குத் தெரிந்தது,
கட்டிலில் நண்டுபோலச் சுருண்டு
ரேவா "திவேல் இருக்கா?" என்று கேட்ட இரவில்தான்.

பாலன்பூரில் படம் எடுத்துப் பார்த்தாயிற்று.
கல் இல்லை, கட்டி இல்லை.
மாதம் மூன்று நாள், அவ்வளவுதான்,
என்றார் டாக்டரம்மா.
அவ்வளவுதான் என்ற சொல்லை
ரேவா பஸ்ஸில் வரும்போது
நாலு தடவை சொல்லிப் பார்த்தாள்.

பதினொரு மணிக்கு மருந்துக்கடை கனுவை எழுப்பினேன்.
நூறு மில்லி.
விலை கேட்டதும் வாய் தானாகக் கணக்குப் போட்டது:
ஒரு கிலோ கொட்டைக்கு மேலேயே வருகிறது!
"நான் எடைபோட்ட சரக்காகத்தான் இருக்கும் இது" என்றேன்.
கனு கொட்டாவி விட்டான்,
சில்லறை இல்லை என்றான்.

கண்ணைத் திறக்காமலே உத்தரவுகள் வந்தன.
கம்பளித் துணி வேண்டும்.
"என் சிவப்புச் சால்வையைத் தொடாதே. உன் மப்ளரை வெட்டு."
நான்காய் மடி.
நனையணும், சொட்டக்கூடாது.
மேலே பிளாஸ்டிக்:
யூரியா சாக்கின் உள்ளுறையைக் கழுவிக் கொண்டுவந்தேன்,
ஒரு பார்வை பார்த்தாள்,
ரொட்டி சுற்றி வந்த புதுக் கவரை எடுத்தேன்.
தவாவில் வறுத்த உப்பைப் பொட்டலம் கட்டி
என் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தேன்.

"அங்கே இல்லை. இன்னும் கீழே.
வயலுக்கா தண்ணி பாய்ச்சறே, இப்படி ஊத்தறே!"

இந்த எண்ணெய் ஓடாது.
யோசித்து யோசித்து இறங்கும்.
அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டு
நானும் உட்கார்ந்திருந்தேன்.
தெருவில் உருளைக்கிழங்கு லாரி ஒன்று
பின்னால் வந்து வந்து நின்றது.
மூட்டையில் இருநூறு கிராம் குறைந்தால்
ஏன் என்று கேட்கிறவன் நான்.
பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட
எந்தத் தேதி, எந்தப் பக்கம்,
எழுந்து மாவு பிசைந்தது எப்படி
என்று கேட்டதில்லை.

முக்கால் மணி ஆனபோது
அவள் முழங்கால்கள் மெல்ல நீண்டன.
எண்ணெயா, உப்பின் சூடா,
பத்து மணிக்குப் போட்ட மாத்திரையா,
இல்லை வலிக்கே அலுத்துப்போனதா?
இதை நிறுக்க என்னிடம் தட்டு இல்லை.

தூங்கிவிட்டாள் என்று விளக்கை அணைத்தேன்.
"அடுத்த மாசம் பதினாறாம் தேதி வாக்குல,"
என்றாள் இருட்டில்.
"எழுதி வைச்சுக்கோ."
சட்டைப் பையில் கைக்கு வந்தது யார்டு ரசீதுப் புத்தகம்தான்.

காலையில் மூன்று முறை சோப்புப் போட்டும்
விரல் வழுக்கியது.
தானாஜி பதினோரு மூட்டை கொண்டுவந்திருந்தார்.
நிறுத்து, எழுதி, நீட்டும்போது
என் கட்டைவிரல் பட்ட இடத்தில்
தாள் கண்ணாடியானது.
அடுத்த தாளில் நான் இரவு கிறுக்கிய எண்
மங்கலாக மேலே எழுந்து வந்தது.

தானாஜி ரசீதை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்.
"பதினொண்ணுதானே கொண்டுவந்தேன்,
இந்தப் பதினாறு யாரோடது?"
என்றார்.