மட்டம்

இந்தப் பட்டணத்தில் எந்தச் சடக்கும்
நேராகப் படுத்ததில்லை.
கோயில் வாசல் ஆற்றைப் பார்த்துச் சரியும்,
ஆ லோக் பட்டறை தண்டவாளத்தைப் பார்த்து.
அவன் இப்போது குடியிருக்கும் கடைவீட்டுப் பின்சந்து
சாக்கடைக்கு.
பகாவில் நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்கும் இடம்
எனக்குத் தெரிந்து ஒன்றுதான்:
செம்பனை ஆலையின் எடைமேடை.
வருஷத்துக்கொரு முறை அரசாங்க ஆள் வந்து
கல் ஏற்றிப் பார்த்து, ஈய முத்திரை குத்திவிட்டுப் போவான்.
சாவி என்னிடம்.

அதனால் மாதத்தின் முதல் ஞாயிறு,
ஆலை மூச்சடங்கிய பிற்பகலில்
குகநேசன் வருவான்.
சட்டி, மெத்தை, குளிர்பெட்டி
போன வருஷமே பிரித்தாயிற்று.
மட்டமான தரையை மட்டும்
எப்படிப் பிரிப்பதென்று வக்கீலுக்கும் தெரியவில்லை.

காடிக்கு முப்பத்தெட்டு வயது. போர்ஷ.
பின்பக்கம் இன்ஜின்,
குந்திய தவளையின் இடுப்பு.
இன்று புகையோடு மேடை ஏறியது.
நீலப் புகை. பழக்குலை லோரிகளே
விடக் கூச்சப்படும் புகை.

"என்ன செஞ்ச?"
"காலைல கம்பிய இழுத்துப் பார்த்தேன், சொட்டு இல்ல.
ஒன்றரை லிட்டர் ஊத்திட்டேன்."

காலையில். ஆறிய இன்ஜினில். அந்தச் சந்துச் சரிவில்.

பதினோரு வருஷம் இதோடு குடித்தனம் செய்தவன்.
ஆறிக் கிடக்கையில் எண்ணெய்
எங்கோ இறங்கிப் பதுங்கிக்கொள்ளும்,
கம்பி வறண்டு வரும், அதை நம்பக் கூடாது,
சூடேற்றி, ஓடிக்கொண்டிருக்கும்போதே,
சமதரையில் நிறுத்திக் கேட்க வேண்டும்
என்று எனக்குச் சொன்னதே அவன்தான்.

"பயந்துட்டேன்" என்றான்.

திரையில் 1280.
அவன் இறங்கினான்: 1200.
கல்யாணத்தின்போது இந்த வித்தியாசம் அறுபது.

இன்ஜின் உறுமிக்கொண்டிருக்க மூடியைத் திறந்து
கம்பியை என் கிழிந்த பாத்தேக்கில் துடைத்து
விட்டு, எடுத்தேன்.
மேல்கோட்டுக்கும் மேலே ஒரு விரல்கடை,
கறுத்துப் பளபளத்தது.

நிறுத்தினோம்.
மாட்டு டாக்டரிடம் வாங்கிய ஊசி, அறுபது மில்லி.
மீன்தொட்டிக் குழாய் ஒரு முழம்.
நான் இழுக்க, அவன்
ஹண்ட்ரட் பிளஸ் போத்தலைப் பிடித்துக்கொண்டான்.
ஏழாவது ஊசியில் அவன் அம்மாவுக்குச்
சர்க்கரை இறங்கியிருப்பதாகச் சொன்னான்.
பன்னிரண்டில் குழாய் நழுவி
என் புறங்கையைச் சுட்டது.
அவன் கை எழுந்து, பாதியில் நின்று,
போத்தலுக்கே திரும்பியது.
அதன் பிறகு கணக்கு விட்டுப்போயிற்று இருவருக்கும்.
"பதினேழுன்னு வச்சுக்கோ."

இந்த மேடையில் நாளைக்கு நானூறு டன் பழம் ஏறுகிறது,
டாங்கி லோரிகளில் எண்பது டன் எண்ணெய் போகிறது.
ஒரு லிட்டரை எடுத்து வெளியே வைத்துவிட்டு
நாங்களும் இறங்கி நின்று பார்த்தோம்.
1200. அசையவில்லை.
இருபது கிலோவுக்குக் கீழ்ப்பட்ட எதுவும்
இதன் கண்ணில் விழாது.

செம்பனை வரிசைக்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான்.
புகை மெலிந்திருந்தது.
மறுபடி துடைத்து, விட்டு, எடுத்தேன்.
இரண்டு கோட்டுக்கும் நடுவில்,
நடு என்றும் சொல்ல முடியாது, கொஞ்சம் மேலே.
"இன்னும் ஒரு ஊசி எடுக்கலாமா?"
"வேணாம். ராவாயிடும்."

போனான்.
போத்தல் கைப்பிடிக் கம்பியோரம் நின்றது,
தொட்டால் இளஞ்சூடு.

ஏறியது எதுவானாலும் இயந்திரம் சீட்டுக் கேட்கும்.
வண்டி எண் அடித்தேன்.
இயக்குநர்: பவளராணி.
நிகர எடை: 0.
பொருள் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால்
திரை நகராது.
பழக்குலை, பருப்பு, கச்சா எண்ணெய், சக்கை, சாம்பல்.
கடைசியில் ஒன்று இருந்தது: சோதனை.
அழுத்தினேன்.

மூன்று பிரதி.
வெள்ளை கோப்புக்கு, மஞ்சள் ஆபீசுக்கு.
இளஞ்சிவப்பு ஓட்டுநருக்கு.
அதைப் போத்தல் கழுத்தில் சுற்றி
ரப்பர் வளையம் போட்டு
மேசைக்கடியில் வைத்தேன்.