நூற்றில் ஒன்று

பாறைமேட்டு நிலம்பதிக்குக்
கைப்பிடிச் சுவர் கிடையாது.
வெள்ளம் கொண்டுபோனதல்ல,
வைத்ததே இல்லை.
ஏறிப் போகிற தண்ணீர் ஏறிப் போகட்டும் என்று
கட்டியவர்கள் விட்ட வழி.

மூன்றாம் கண்ணின் ஓரத்தில் குப்புறப் படுத்து
அளவுகோலை இறக்கினேன்.
ஒரு மீட்டர் பத்து என்றது பழைய வரைபடம்.
கோல் இரண்டு முப்பதைத் தாண்டியும்
தரையைத் தேடிக்கொண்டிருந்தது.
மேலே ஒரு விரிசல் இல்லை.
தேர்தலுக்கு முன் வெள்ளையடித்த தூண்
காலடியில் மணல் இல்லாமல்
பழக்கத்தால் நின்றது.

"ஏனுங்க, என்ன எழுதறீங்க?"
சோதனைச்சாவடி ஓரம் லாட்டரி விற்கும் மாராத்தாள்.
"நூறு வருச வெள்ளம் வந்தா தாங்குமான்னு பாக்கறோம்."
"பதினெட்டுல வந்துச்சு. பத்தொம்போதுல வந்துச்சு.
போன ஐப்பசியில என்ற பெட்டிக்கடையத் தூக்கிட்டுப் போச்சு.
இதுல எது உங்க நூறு வருசம்?"

அப்படி இல்லை என்றேன்.
வருசாவருசம் நூற்றில் ஒரு வாய்ப்பு.
இந்த வருசம் வந்துவிட்டது என்பதால்
அடுத்த வருசம் வராது என்று ஆகாது.

சீட்டுக்கட்டை விசிறி போல விரித்தாள்.
"இதச் சொல்லித்தானுங்க நான் தெனமும் விக்கறேன்.
எங்களுக்குத்தான் அது
விழுந்துட்டே இருக்குது."

பாடப்புத்தகத்தில் இது பதினோரு பக்கம்.

எங்கள் கணக்கு எளிது.
உடையும் வாய்ப்பை இழப்பால் பெருக்கு.
இழப்பு என்றால் ஓடும் வண்டி,
சுற்றிப் போகும் கிலோமீட்டர், வீணாகும் மணி.
காலை ஆறு முதல் மாலை ஆறு வரை
இருநூற்றுப் பதினான்கு வண்டிகள்.
மாவட்டப் பட்டியலில் நாற்பத்தொன்றாம் இடம்.

"ஆறு மணிக்கு வந்து எண்ணுனா?
அதுக்குள்ள ஊரே போயிருமே.
மூணுக்கு வாங்க."

போனேன்.
முதலில் வாசனை வந்தது, பிறகுதான் விளக்கு.
தென்னந்தோப்புகளிலிருந்து கள்ளு ஜீப்புகள்,
கேன்கள் ஒன்றோடொன்று முட்ட,
மூடியோரம் நுரை கசிய,
தெற்கே எங்கோ திறக்கப்போகும் ஷாப்புகளுக்கு.
பால் வண்டிகள். காய் ஏற்றிய டெம்போக்கள்.
ஜப்பாரின் ஆட்டோவில்
மடியில் துண்டை இறுக்கிப் பிடித்தபடி ஒருவர்.
திங்களும் வியாழனும் பாலக்காட்டுக்கு,
ரத்தம் சுத்திகரிக்க.
அவரும் என் படிவத்தில்
ஒரு மூன்று சக்கரம்.

தாள் தீர்ந்து
விழாத சீட்டுகளின் பின்பக்கம் கோடு போட்டேன்.
நாலே முக்காலுக்குள் நூற்று எண்பத்தேழு.

அப்போது கைபேசி அதிர்ந்தது.
மேலே அணையில் நள்ளிரவைத் தாண்டி
இரண்டு மதகு கூடுதலாகத் திறந்திருக்கிறார்கள்.
அணை ஒரு மாநிலம், நிலம்பதி ஒரு மாநிலம்.
தகவல் தலைநகரம் போய், மாவட்டம் இறங்கி,
தாலுகாவில் கையெழுத்தாகி
வில்லேஜ் ஆபீசுக்கு வரும்;
அது திறப்பது பத்து மணிக்கு.
தண்ணீருக்கு அத்தனை படிக்கட்டு கிடையாது.
எனக்குச் சொன்னதும் அரசாங்கம் அல்ல,
அணையில் வேலை பார்க்கும் என் வகுப்புத்தோழன்.

ஓடினேன். என்ன செய்வதென்று தெரிந்து ஓடவில்லை.
மாராத்தாள் என்னைத் தாண்டிப் போனாள்,
தன் பலகையை இழுத்துக்கொண்டு.
நடுரோட்டில் குறுக்கே சாத்தினாள்.
'இன்று வாங்கு, நாளை கோடீஸ்வரன்'
ஹெட்லைட்டில் பளபளத்தது.

முதல் ஜீப்காரன் தலையை நீட்டித் திட்டினான்.
பிறகு அவனுக்கும் கேட்டது,
இருட்டுக்குள் கல் உருளும் சத்தம்.

கண்களில் நுழைந்து பார்த்து, இடம் போதாமல்
மேலே ஏறி வந்தது தண்ணீர்,
அவசரமில்லாமல், ஒரு மூங்கில் புதரோடு.
வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.
நிலம்பதி நின்றது. ஒன்றாம் கண்ணில் வாழைத்தார் செருகியிருந்தது.
யாரும் சாகவில்லை; செய்தியும் இல்லை.

படிவத்தில் கடந்த வண்டிக்குக் கட்டம் உண்டு.
கடக்காமல் திரும்பியதற்கு இல்லை.
'இதர' என்ற இடத்தில்
முப்பத்திரண்டு என்று எழுதினேன்.

இரவுக் கணக்கைச் சேர்த்து,
கோல் தொட்ட ஆழத்தைச் சேர்த்து
மறுபடி ஓட்டினோம்.
நாற்பத்தொன்று ஒன்பதாக ஏறியது.
இந்த நிதியாண்டில் முதல் ஏழுக்குத்தான் பணம்.

சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.
மாராத்தாள் பலகையில் காய்ந்த சேற்றைச்
சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"அடடா" என்றாள்,
தினமும் பத்துப் பேருக்குச் சொல்லும் அதே குரலில்,
"ரெண்டு நம்பர்ல போச்சுங்களே."