நூற்றிருபது கோழிகள்

டெக்சர்கானாவில் ஒரு சாலை.
மேற்கோரம் டெக்சாஸ், கிழக்கோரம் ஆர்கன்சா.
தபால் நிலையத்தின் முன்னால்
மாநிலத்துக்கு ஒரு காலாக ஊன்றி நின்று
வெளியூர்க்காரர்கள் படமெடுத்துக்கொள்கிறார்கள்.
உள்ளூர்க்காரர்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

கோழி ஆலையில் சம்பளக் கணக்குப் பார்ப்பவள் நான்.
கிழக்கே வெட்டும் கூடம்,
மேற்கே உறையவைத்து அடுக்கும் கூடம்.
இரண்டிலும் அதே குளிர்,
அதே வெள்ளை ரப்பர் பூட்ஸ்,
அதே வெள்ளிக்கிழமை.

வெர்லீன் ஸ்டப்பில்ஃபீல்ட் கிழக்கே.
அவள் தம்பி ராய்ஸ் மேற்கே.
தகப்பனின் கடைசி மூன்று வாரங்களை
ஆளுக்கொரு அட்டையில் தேய்த்தார்கள்.
ஒரே வங்கி, ஒரே நீல அட்டை.
தொகையில் இருநூறு டாலர் வித்தியாசம்;
அது மலர்வளையத்துக்கு.

அப்புறம் வட்டி. வட்டிக்கு வட்டி.
கடனை யாரோ யாருக்கோ விற்றார்கள்.
நீதிமன்றக் கடிதங்கள் வந்தன,
இரண்டு பேரும் பிரிக்கவில்லை.
ஒரே மாதத்தில்
இரண்டு கட்டிடங்களில்
இரண்டு தீர்ப்புகள்.

வெர்லீன் பெயருக்கு வந்த தாள் என் மேசையில் விழுந்தது.
பிடித்தம் போக மிஞ்சுவதில் கால் பங்கு,
தீரும் வரை.
கொக்கியில் தொங்கி அவள் கண்ணெதிரே நகரும் கோழிகளில்
நான்காவதெல்லாம் இனி முகம் தெரியாதவனுக்கு.
பொத்தானை அழுத்துகிற விரல் என்னுடையது.

ராய்ஸ் பெயருக்குத் தாள் வரவில்லை.
வராது.
அட்டைக் கடனுக்குக் கூலியில் கைவைக்க
டெக்சாஸ் விடாது.
ஒரு மதியம் சட்டத்தையே எடுத்து வாசித்தேன்:
கடன்காரன் தொடக்கூடாதவை,
குடியிருக்கும் வீடு, வேதப் புத்தகம்,
துப்பாக்கி இரண்டு, மாடு பன்னிரண்டு,
கோழி நூற்றிருபது.
சத்தமாகச் சிரித்துவிட்டேன், மேலாளர் திரும்பிப் பார்த்தார்.
எங்கள் வரிசையில் ஒரு நிமிடத்துக்கு
அதைவிடக் கூடுதலாகத் தொங்கும்.

ராய்ஸுக்கு வீடில்லை, வாடகை அறை.
மாடில்லை.
வண்டி இருக்கிறது, அதுவும் தவணைக்காரன் பிடியில்.
கூலி மட்டும் முழுசாக வருகிறது,
அதுவும் வங்கியில் விழும் வரைதான்.
விழுந்த நொடியில் அது கூலி இல்லை, வெறும் பணம்,
அள்ளிக்கொண்டு போகலாம்.
அதனால் காகிதக் காசோலைதான் வேண்டுமென்பான்.
சாராயக் கடையில் நூற்றுக்கு இரண்டு கொடுத்து மாற்றி
உறைபெட்டியில், பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னால்
அடுக்கிவைக்கிறான்.
சட்டம் காப்பாற்றுகிறதாம்.
காசைத் தொட்டால் விரல் மரத்துப்போகிறதாம்.

ஒருநாள் வெர்லீன் என் ஜன்னலுக்கு வந்தாள்.
"தெருவைத் தாண்டிக் குடிபோனால்?"
வேலையும் தாண்ட வேண்டுமே என்றேன்.
மேற்கே ஆள் எடுப்பதில்லை, ஜூன் முதல்.
அவள் எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள்:
சக்கர வீட்டை இழுத்துப்போக மூவாயிரத்து நூறு,
புது மனைக்கு முன்பணம், மின்சாரத்துக்கு வைப்பு.
"ஒரு அட்டை இருந்தால் கட்டிவிடலாம்"
என்று சொல்லி அவளே சிரித்தாள்.
நான் காகிதங்களை நேராக்கினேன்.

மதியச் சாப்பாடு இருவருக்கும் அவள் காரில்.
கண்ணாடி மூடியிருக்கும், பேச்சு கேட்காது.
ரொட்டியை நான்காக வெட்டி
ஒரு துண்டை அவன் பக்கம் தள்ளுவாள்.
அவன் தொடுவதில்லை.
கடைசியில் அவளே தின்றுவிட்டு
பொடியைத் தட்டிக்கொண்டு உள்ளே போவாள்.

நான் தூங்குவது டெக்சாஸில், தட்டச்சு செய்வது ஆர்கன்சாவில்.
என் கூலி எந்தப் பக்கத்தது என்று
ஒரு வக்கீலைக் கேட்கலாம்.
கேட்பதற்கே நூற்றைம்பது.
எனக்கும் ஒரு அட்டை உண்டு.
நிறம் சொல்லமாட்டேன்.